லியர் அரசனை 73 நிமிடத்துக்குள் அடக்கலாமா? பழைய நேரலை நாடகங்கள் பற்றி

பழைய பெட்டி:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 1953-இல் வந்த, ஷேக்ஸ்பியரின் லியர் அரசனை மறுபடி போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ஆம்னிபஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது, ஃபோர்டு அறக்கட்டளை உருவாக்கியது, அலிஸ்டர் குக் தொகுத்து வழங்குவார். அதில் அக்டோபர் 18 அன்று நேரலையாகப் போன நாடகம் இது. லியராக ஆர்சன் வெல்ஸ். நாடகத்தை இயக்கியவர் பீட்டர் புரூக், கேமரா பக்கத்தைக் கவனித்தவர் ஆண்ட்ரூ மெக்கல்லோ. எண்பது தாண்டிய கிழவனின் கதை, ஆனால் வெல்ஸுக்கு அப்போது 38 வயது, புரூக்குக்கு 28.

முழு நாடகத்தையும் மேடையில் போட்டால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். இவர்கள் 73 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். புயல் காட்சியில் லியரும் அவருடைய அரசவைக் கோமாளியும் ஒதுங்குவது குடிசையில் இல்லை, ஒரு காற்றாலைக்குள். அந்த இடத்தை யோசித்தவரைக் கும்பிடலாம். வெளியே அடிக்கிற காற்று உள்ளே ஒரு இயந்திரமாகச் சுற்றுகிறது, பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனை அதற்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள்.

நேரலைத் தொலைக்காட்சி இந்தப் பெரிய துன்பியல் நாடகங்களைச் சின்னதாக்கிவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள், இங்கேயும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. கடைசிக் காட்சியில், செத்துக் கிடக்கும் மகளைப் பார்த்து லியர் 'இனி இல்லை' என்கிற சொல்லை ஐந்து தடவை சொல்ல வேண்டும். அரங்கில் அந்த ஐந்தும் கடைசி வரிசைக்குக் கேட்டாக வேண்டும், எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் அந்தக் கட்டாயத்திலிருந்து தப்ப முடியாது. இங்கே மைக் தலைக்கு மேலே இருக்கிறது, கேமரா முகத்துக்கு நேரே இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா நம் கூடத்தில் உட்கார்ந்து அழுவது மாதிரி ஆகிவிடுகிறது. முன்னூற்று ஐம்பது வருஷம் மேடையில் இருந்த நாடகத்துக்கு அந்த நெருக்கம் முதல் தடவையாகக் கிடைத்ததே இந்த நேரலைகளில்தான் என்று நினைக்கிறேன்.

தமயந்தி ஆ.:

அண்ணா, நீங்கள் சொல்கிற நெருக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 73 நிமிடத்துக்காக எதை வெட்டினார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே.

நான் கல்லூரியில் லியர் பாடம் நடத்துகிறேன், பதினோரு வருஷமாக. அந்த நாடகத்தில் இரண்டு அப்பாக்கள் இருக்கிறார்கள். லியருக்கு மூன்று பெண்கள், க்ளாஸ்டர் என்ற பிரபுவுக்கு இரண்டு பிள்ளைகள், எட்கரும் எட்மண்டும். இரண்டு பேருமே நல்ல பிள்ளையைத் துரத்திவிட்டுக் கெட்ட பிள்ளையை நம்புகிறார்கள். ஒருவருக்குப் புத்தி போகிறது, இன்னொருவருக்குக் கண் போகிறது. இந்த 1953 நேரலையில் எட்மண்டே கிடையாது, எட்கரும் கிடையாது. க்ளாஸ்டர் இருக்கிறார், ஆனால் பிள்ளைகள் இல்லாத க்ளாஸ்டர்.

அதனால் என்ன போயிற்று என்றால், டோவர் குன்றின் காட்சி போயிற்று. கண் பிடுங்கப்பட்ட அப்பா மலை விளிம்பிலிருந்து குதித்துச் சாக வேண்டும் என்கிறார். அவரை வழிநடத்திப் போகிற பிச்சைக்காரன் அவர் துரத்திவிட்ட சொந்த மகன். அப்பாவுக்கு அது தெரியாது. மகன் சமதரையில் நிறுத்திவைத்து, 'இதோ விளிம்பு, கீழே பார்த்தாலே தலை சுற்றுகிறது' என்று பொய் சொல்கிறான், அப்பா குதிக்கிறார், வெறும் தரையில் விழுகிறார், 'நீங்கள் பிழைத்தது அதிசயம்' என்று மகனே குரலை மாற்றிக்கொண்டு சொல்கிறான். உலக நாடகத்திலேயே இதற்கு இணையாக எத்தனை காட்சி இருக்கும் சொல்லுங்கள். வகுப்பில் இதைப் படிக்கும்போது ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

இன்னொன்று, பைத்தியக்கார டாம். மைக்கேல் மக்லியமோர் நடித்திருக்கிறார், நல்ல நடிகர். ஆனால் மூலத்தில் டாம் என்பது எட்கர் போட்ட வேஷம். உயிருக்குப் பயந்து பைத்தியமாக நடிக்கிறவன், உண்மையாகவே புத்தி பேதலிக்கிற லியரின் எதிரே நிற்கிறான். எட்கரை எடுத்துவிட்டால் டாம் வெறும் பைத்தியம். அந்தக் குடிசைக்கு, சரி, காற்றாலைக்கு, அவன் எதற்கு வந்தான்?

பழைய பெட்டி:

தமயந்தி, வலிக்கிற இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். டோவர் குன்றுக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் வெட்டினார்கள் என்பதை மட்டும் வைத்துத் தொலைக்காட்சியைக் குற்றம் சொன்னால் மேடையையும் சொல்லியாக வேண்டும். 1681-இல் நஹூம் டேட் என்பவர் லியரைத் திருத்தி எழுதினார். அதில் லியர் சாகவில்லை, நல்ல மகள் கார்டீலியாவும் சாகவில்லை, அவளுக்குக் கல்யாணமே நடக்கிறது. கோமாளியை முழுசாக எடுத்துவிட்டார். இங்கிலாந்து மேடையில் அந்தச் சுப முடிவு லியர்தான் நூறு வருஷத்துக்கும் மேலே ஓடியது. கோமாளி மேடைக்குத் திரும்பி வந்ததே 1838-இல் மக்ரெடி என்ற நடிகர் போட்டபோதுதான். அவ்வளவு ஏன், மாரிஸ் எவன்ஸ் என்ற நடிகர் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதிச் சிப்பாய்களுக்காகப் போட்ட ஹாம்லெட்டில் வெட்டியான் காட்சி இல்லை. அதே எவன்ஸ் 1953 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் இரண்டு மணி நேர ஹாம்லெட்டை நேரலையில் கொடுத்தார். வெட்டுவது நாடகக்காரனின் பழைய வழக்கம், தொலைக்காட்சி புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை.

தமயந்தி ஆ.:

அண்ணா, டேட்டின் லியரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. கார்டீலியாவுக்குக் கல்யாணம் நடக்கிறது என்றீர்களே, மாப்பிள்ளை யார்? எட்கர்! டேட் கூட எட்கரையும் எட்மண்டையும் விடவில்லை. முடிவையே மாற்றத் துணிந்தவருக்கும் அந்த இரண்டு பிள்ளைகளை எடுத்தால் கட்டடம் நிற்காது என்று தெரிந்திருக்கிறது.

கேமரா கந்தன்:

டீச்சர் சொல்வதும் நியாயம், தம்பி சொல்வதும் நியாயம். நான் நாடகம் படித்தவன் இல்லை. 1980களில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஸ்டூடியோ கேமராமேனாக வேலை பார்த்தவன், நேரலை பழகிய கை. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

1953-இல் அமெரிக்க ஸ்டூடியோக்களில் இருந்த கேமராவில் ஜூம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வட்டமாக ஒரு தட்டு, அதில் நான்கு லென்ஸ். தூரக் காட்சியிலிருந்து க்ளோசப்புக்குப் போகவேண்டுமானால் தட்டைத் திருப்பி லென்ஸ் மாற்ற வேண்டும். திருப்பும்போது படம் கலங்கும், அதனால் உங்கள் கேமரா ஒளிபரப்பில் இருக்கும்போது திருப்பவே கூடாது. அடுத்த கேமராவுக்கு வெட்டிப் போயிருக்கும் அந்தச் சில விநாடிக்குள் திருப்பி, ஃபோகஸ் பிடித்து, ஃப்ரேம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கேமராவையே தள்ளிக்கொண்டு நடிகரிடம் போக வேண்டும், பின்னால் பெருவிரல் தடிமனில் கேபிள். ஒருமுறை எங்கள் நேரலையில் என் கேபிள் செட் கதவின் காலில் மாட்டிக்கொண்டது. கேபிள் பிடிக்கிற பையன் தரையோடு தரையாகப் படுத்து இழுத்துவிட்டான். நாலு விநாடி இருக்கும். இன்றைக்கும் அது கனவில் வருகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள், புயல் காட்சி. காற்று இயந்திரம் போட்டால் மைக்கில் வசனம் அடிபடும். காற்றைக் குறைத்தால் துணி பறக்காது. கேமராவும், மைக் தொங்குகிற கோலும், அதன் நிழலும் ஒன்றுக்கொன்று மோதாமல் நகர வேண்டும். இதற்கு நடுவே நடிகர் பைத்தியமாக வேண்டும். இரண்டாவது டேக் கிடையாது. டீச்சர், இரண்டு குடும்பக் கதையையும் வைத்திருந்தால் இன்னும் ஏழெட்டு செட் வேண்டும், அதற்குத் தரையில் இடம் இருந்திருக்காது. வெட்டியதில் பாதி காரணம் தரை.

அப்புறம் லண்டனில் பி.பி.சி.யில் இருந்த ஒரு ஏற்பாடு, இதை முதலில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேரலை நாடகத்தில் நடிகர் வசனத்தை மறந்துவிட்டால் எடுத்துக்கொடுக்க ஒருவர் ஸ்கிரிப்டோடு செட் ஓரத்தில் நிற்பார், நம்மூர் நாடகத்தில் சைடில் நிற்பார்களே அதே வேலை. வித்தியாசம் என்னவென்றால் அவர் கையில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் ஒளிபரப்பின் ஒலி நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் வசனத்தை உரக்கச் சொல்லிவிட்டு விரலை எடுப்பார், நடிகர் தொடர்வார். வீட்டில் பார்க்கிறவர் தன் பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

ஊமைத்திரை:

கந்தன் ஐயா பி.பி.சி.யைத் தொட்டதால் இன்னும் பின்னால் போகிறேன். 1953 எல்லாம் பிந்தைய கதை.

லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி.யின் ஒழுங்கான ஒளிபரப்பு தொடங்கியது 1936 நவம்பர் 2. மூன்று மாதத்தில், 1937 பிப்ரவரி 5 அன்று ஷேக்ஸ்பியர் காட்சிகள் போட்டுவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பர் 3, மக்பெத். யார் தெரியுமா? லாரன்ஸ் ஒலிவியரும் ஜூடித் ஆண்டர்சனும். ஓல்ட் விக் அரங்கில் ஓடிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து காட்சிகளை எடுத்து ஸ்டூடியோவில் செய்தார்கள். அந்த அரங்கை நடத்திய லில்லியன் பேலிஸ் நவம்பர் 25 அன்று இறந்துபோனார், மறுநாள் மக்பெத் முதல் காட்சி. அந்தத் துக்கத்தோடுதான் அடுத்த வாரம் கேமரா முன்னால் வந்திருக்கிறார்கள். டிசம்பர் 14 அன்று ஒத்தெல்லோவிலிருந்து காட்சிகள், செலியா ஜான்சன் மனைவி டெஸ்டிமோனா, அந்தோனி குவேல் வில்லன் இயாகோ.

ஸ்டூடியோவின் அளவு 70 அடிக்கு 30 அடி. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இதைவிடப் பெரிது. அன்றைய எமிட்ரான் கேமராவில் பார்க்கிறவருக்குப் படம் தலைகீழாகத் தெரியும். கால் மேலே தலை கீழே நிற்கிற ஒலிவியரை ஃப்ரேமில் பிடித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் ஏக்கம் தருவது 1938 ஜூலை 24. டாலஸ் போவர் ஜூலியஸ் சீசரை இக்கால உடையில் செய்தார், ரோமானியர் எல்லாரும் பாசிஸ்ட் நாட்டு ராணுவ உடுப்பில். அதற்கு எட்டு மாதம் முன்னால் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் தன் மெர்க்குரி அரங்கில் சீசரை அதேபோல் போட்டிருந்தார். ஹிட்லரோடு போட்ட மியூனிக் ஒப்பந்தத்துக்கு இரண்டே மாதம் இருக்கும்போது, ஒரு சர்வாதிகாரியைக் குத்திக் கொல்கிற நாடகம் லண்டன் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. எத்தனை வீடு என்றால் மிகக் கொஞ்சம். ஒரு வருஷம் கழித்துப் போர் தொடங்கும்போதே மொத்தம் சுமார் 20,000 பெட்டிகள்தான். 1939 செப்டம்பர் 1 அன்று சேவையை நிறுத்திவிட்டார்கள், மறுபடி தொடங்கியது 1946 ஜூன் 7.

இதில் ஒரு நாடகம்கூட இன்று இல்லை. அழித்தார்கள் என்று கூடச் சொல்ல முடியாது, பதிவு செய்ய வழியே இருக்கவில்லை. ஒலிவியரின் 1937 மக்பெத்தை அன்றைக்கு அந்தச் சில ஆயிரம் வீடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மேலமாசி வீதி:

ஜூடித் ஆண்டர்சன் பேர் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். ஹிட்ச்காக்கின் 'ரெபெக்கா' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும், அந்த வீட்டின் கொடூரமான பணிப்பெண் டான்வர்ஸ். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் பிறந்தவர்.

அவர் தொலைக்காட்சிக்காக லேடி மக்பெத் ஆனது ஒருமுறை இல்லை. 1937 நேரலை, ஊமைத்திரை சொன்னது. அப்புறம் 1954 நவம்பர் 28, என்.பி.சி.யில் 'ஹால்மார்க் ஹால் ஆஃப் ஃபேம்' வரிசையில் மாரிஸ் எவன்ஸோடு, ஜார்ஜ் ஷேஃபர் இயக்கியது. நேரலை, அதுவும் கலரில். ஆனால் மிச்சம் இருப்பது கருப்பு வெள்ளைப் பிரதி. மறுபடி 1960-இல் அதே எவன்ஸ், அதே ஷேஃபர், இந்தத் தடவை நேரலை இல்லை, ஸ்காட்லாந்துக்கே போய் ஃபிலிமில் எடுத்தார்கள். 1954-க்கும் எம்மி விருது (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது), 1960-க்கும் எம்மி விருது, ஒரே பாத்திரத்துக்கு.

நான் பார்த்தவரை 1960-இல் நிஜக் கோட்டை, நிஜ மலை, நிஜ மேகம் எல்லாம் இருக்கிறது, ஆனால் தூக்கத்தில் நடந்துவந்து கையைக் கழுவுகிற காட்சியில் எனக்கு 1954 தான் உடம்பை நடுங்க வைத்தது. பின்னால் இருப்பது வெறும் அட்டைச் சுவர். அவர் கையைத் தேய்க்கத் தொடங்கினால் நம் கண் வேறெங்கும் போக இடம் இல்லை. 1960-இல் அந்த மேகத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை போய்விடுகிறது.

தமயந்தி ஆ.:

மேலமாசி, இதை ஒப்புக்கொள்கிறேன். மக்பெத் இந்தச் சின்னப் பெட்டிக்குப் பொருந்தும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே சின்னது அது, ஒரு புருஷன் பெண்டாட்டி ராத்திரியில் கிசுகிசுக்கிற கதை. ஒத்தெல்லோவும் அப்படியே, ஒரு படுக்கையறையில் முடிகிறது. லியர் திறந்தவெளி நாடகம். அதனால்தான் எனக்கு லியரில் மட்டும் மனசு ஒப்பவில்லை.

யாழிசை:

ஒத்தெல்லோ என்றதும் நான் வந்துவிட்டேன் அக்கா, வெள்ளைப் பெண்ணைக் கல்யாணம் செய்த கருப்பினத் தளபதியின் கதை ஆச்சே. 1955 டிசம்பர் 15, பி.பி.சி. இயக்கியவர் டோனி ரிச்சர்ட்சன், 27 வயது. ஒத்தெல்லோ கோர்டன் ஹீத், அமெரிக்கக் கருப்பின நடிகர். ரோஸ்மேரி ஹாரிஸ் டெஸ்டிமோனா, பால் ரோஜர்ஸ் இயாகோ. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு கருப்பர் ஒத்தெல்லோவாக வந்தது அதுதான் முதல் தடவை. மேடையில் பால் ராப்சன் 1930-இலேயே லண்டனில் செய்திருக்கிறார், பெக்கி ஆஷ்கிராஃப்ட் டெஸ்டிமோனாவாக. ஆனால் அரங்குக்குப் போய் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது வேறு, ஒரு கருப்பரும் வெள்ளைப் பெண்ணும் கணவன் மனைவியாக 1955-இல் வீட்டுக் கூடத்துக்குள் வந்து நிற்பது வேறு.

இதில் எனக்கு ஆறாத விஷயம், 1981-இல் அதே பி.பி.சி. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் முழுவதையும் எடுத்த வரிசையில் ஒத்தெல்லோவாக வெள்ளைக்காரரான அந்தோனி ஹாப்கின்ஸை நடிக்க வைத்தது. 26 வருஷம் கழித்து, பின்னோக்கி. ஹாப்கின்ஸ் பெரிய நடிகர், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் கோர்டன் ஹீத்தின் முகத்தை ஒருமுறை க்ளோசப்பில் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. மனைவிக்குத் தான் கொடுத்த கைக்குட்டையைக் கேட்கிற காட்சியில் அவர் முதலில் கெஞ்சுகிற மாதிரி கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வீட்டில் தனக்கு இடம் உண்டா என்று கடைசிவரை நிச்சயம் இல்லாத ஒருவரின் கேள்வி அது.

பழைய பெட்டி:

யாழிசை, ஹீத்தின் ஒத்தெல்லோ இன்றைக்கு நம்மிடம் இருப்பதே அதிர்ஷ்டம். அன்றைக்குப் பதிவு என்றால் ஒரு மானிட்டர் திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்து ஓடுகிற படத்தைப் படம் பிடிப்பது. அமெரிக்காவில் கினெஸ்கோப் என்பார்கள், பி.பி.சி.யில் டெலிரெக்கார்டிங். ஆம்பெக்ஸ் வீடியோ டேப் வந்ததே 1956-இல். மங்கலாக இருக்கும், முகத்தின் ஓரம் கசியும், ஆனால் அதுவும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

பி.பி.சி.யில் ஞாயிற்றுக்கிழமை நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி ஒளிபரப்புவார்கள். எப்படி? நடிகர்கள் எல்லாரும் மறுபடி ஸ்டூடியோவுக்கு வந்து முழு நாடகத்தையும் இன்னொரு தடவை நடிப்பார்கள். பதிவை ஓட்டிவிட்டால் இரண்டாவது சம்பளம் போய்விடுமே என்று நடிகர் சங்கத்துக்கும் கவலை. எனவே பல நாடகங்களுக்கு ஞாயிறு ஒன்று, வியாழன் ஒன்று, இரண்டுமே காற்றோடு போயின.

கேமரா கந்தன்:

அது சரியான கவலை தம்பி, சங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நேரலை எவ்வளவு ஈரமில்லாதது என்பதற்கு ஒன்று. செவ்வியல் நாடகம் இல்லை, இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 1958 நவம்பர் 30, பிரிட்டனில் 'ஆர்ம்சேர் தியேட்டர்' வரிசையில் 'அண்டர்கிரவுண்ட்' என்ற நாடகம் நேரலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. கேரத் ஜோன்ஸ் என்ற இளம் நடிகர் இரண்டு காட்சிகளுக்கு இடையில் மாரடைப்பில் இறந்துபோனார். மற்றவர்கள் அவருடைய வசனங்களைப் பங்குபோட்டுச் சமாளித்து நாடகத்தை முடித்தார்கள். இயக்குநர் டெட் கோட்செஃப். கேமரா பிடித்தவர்களின் கையை நினைத்துப் பார்க்கிறேன், அவர்கள் எப்படி ஃபோகஸ் பிடித்தார்கள் என்று.

தமயந்தி ஆ.:

கந்தன் சார், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

பழைய பெட்டி:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். தமயந்தி கேட்டதை மனசில் வைத்துக்கொண்டு லியரை மறுபடி பார்த்தேன், பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்து, எந்த வரி இருக்கிறது எது இல்லை என்று விரலை ஓட்டிக்கொண்டே. டாம் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. மூலத்தில் லியர் அந்த நிர்வாணப் பிச்சைக்காரனைப் பார்த்து 'இவ்வளவுதானா மனிதன்' என்று கேட்கிற இடத்தில், எதிரே நிற்பவன் ஒரு பிரபுவின் மகன் என்று நமக்குத் தெரியும், அதனால் அந்தக் கேள்வி இரண்டு மடங்கு வெட்டும். இங்கே ஒரு மடங்கு.

ஆனால் நான் முதலில் எழுதியதை முழுசாக விடவும் மாட்டேன். எட்கரும் எட்மண்டும் இல்லாததால் கோமாளிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆலன் பேடல் செய்த கோமாளியை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. முழு நாடகத்தில் கோமாளி நடுவில் காணாமல் போனதை நாம் கவனிக்கவே மாட்டோம், அவ்வளவு நடக்கிறது. இதில் அவன் போனதும் கேமராவின் ஓரம் காலியாக இருக்கிற மாதிரி எனக்கு இருந்தது. டேட் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோமாளியை எடுத்தார், புரூக் கோமாளியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எடுத்தார். 1971-இல் புரூக்கே பால் ஸ்கோஃபீல்டை வைத்து லியரைத் திரைப்படமாக எடுத்தபோது பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தார், அதையும் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

தமயந்தி ஆ.:

சரி அண்ணா, இந்த இடத்தில் நாம் ஒத்துப்போகலாம். அடுத்த வாரம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு டோவர் குன்றை நான் வாசித்துவிட்டு, அதற்கப்புறம் இந்த நேரலையின் கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டப் போகிறேன். எங்கள் கருத்தரங்கக் கூடத்தில் பெரிய ப்ரொஜெக்டர் இருக்கிறது. கந்தன் சார், உங்களுக்கு வரமுடியுமா? லென்ஸ் தட்டு விஷயத்தை நீங்கள் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

கேமரா கந்தன்:

வருகிறேன் டீச்சர். ஆனால் ப்ரொஜெக்டர் வேண்டாம். அந்த ஃப்ரேம் எல்லாம் கூடத்து மூலையில் இருக்கிற சின்னத் திரைக்காக வைத்தது, சுவர் அளவுக்கு இழுத்தால் முகம் சிதறிப்போகும். என்னிடம் 20 அங்குல டி.வி. ஒன்று இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கிறது, ஆட்டோவில் எடுத்து வந்துவிடுகிறேன். பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், தரையில் ஜமக்காளம் போட்டுக் கிட்டத்தில் உட்காரச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள்.